லாபுவுக்கு வராத நோய்: பால்மரத்தைக் காத்த உடன்படிக்கையின் வரலாறு



வரலாறு என்றால் நடந்தவற்றின் தொகுப்பு என்றே நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஆனால், நடந்துவிடாமல் தடுக்கப்பட்டவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பாடநூலில் ஏறுவதில்லை. நினைவுச் சின்னமும் பெறுவதில்லை. இக்கட்டுரை அத்தகைய ஒன்றைப் பற்றியது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே அமைந்தது லாபு வட்டாரம். லாபு தோட்டம், கிர்பி தோட்டம் முதலிய தோட்டப்புறங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரத்தை நம்பி வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குச் சென்று, மங்கில் வடிந்த பாலைக் கொண்டுதான் பிள்ளைகளை வளர்த்தனர். தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் எழுப்பினர். அந்தப் பால்மரத்தை வேரோடு அழிக்கவல்ல நோய் ஒன்று உலகின் மறுபக்கத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. அது இன்றுவரை லாபுவுக்கு வரவில்லை, ஆசியாவுக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே நம் கேள்வி.

காப்பி கற்பித்த பாடம்

இக்கதை மலாயாவில் அன்று, இலங்கையில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைநாடு காப்பித் தோட்டங்களால் நிறைந்திருந்தது. மதுரை, திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்தே சென்று அத்தோட்டங்களில் உழைத்தனர்.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பது காணப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்னும் பூஞ்சையியல் அறிஞர் அதை ஆராய்ந்து, 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். இரண்டாம் சொல்லுக்குப் 'பாழாக்குவது' என்று பொருள். பெயருக்கேற்பவே அது நடந்துகொண்டது.

தொடக்கத்தில் தோட்ட முதலாளிகள் இதைப் பெரிதாக எண்ணவில்லை. விலை நன்றாக இருந்ததால் மேலும் மேலும் காடழித்துக் காப்பி நட்டனர். 1870களில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேல் காப்பி ஒன்றே நின்றது. 1880 முதல் 1882 வரை மார்ஷல் வார்டு என்னும் இளம் அறிஞர் அங்கே தங்கி ஆராய்ந்து, நோயைப் பரப்புவது காற்றில் பறக்கும் பூஞ்சை வித்துகளே என்று நிறுவினார். ஒரே பயிர் இடைவெளியின்றி மலைமலையாக நின்றதே நோய்க்கு வழியமைத்துக் கொடுத்தது என்பதும் தெளிவாயிற்று. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1880களின் இறுதியில் இலங்கைக் காப்பித் தொழில் ஏறக்குறைய முடிந்துபோயிற்று. தோட்டங்கள் கைமாறின, தேயிலை வந்தது. வேலையிழந்த தமிழர் பலர் ஊர் திரும்பினர்.

இலங்கையில் தொழில் கற்ற காப்பி முதலாளிகளில் சிலர் மலாயாவுக்கு வந்தனர். அன்று சுங்கை ஊஜோங் எனப்பட்ட சிரம்பான் வட்டாரம் அவர்கள் தோட்டம் திறந்த இடங்களுள் ஒன்று. இங்கும் காப்பிக்கு நல்வாழ்வு கிட்டவில்லை. இலைத்துரு நோய் ஒருபுறம், இலையைத் தின்னும் கம்பளிப்புழு மறுபுறம், பிரேசில் காப்பி பெருகியதால் 1890களில் விழுந்த விலை இன்னொருபுறம். காப்பி சாய்ந்த இடத்தில்தான் பால்மரம் நிமிர்ந்தது. ஆக, நம் முன்னோர் லாபுவில் பால்மரம் சீவ வந்ததற்குப் பின்னணியிலும் ஒரு தாவர நோய் இருக்கிறது.

இருபத்திரண்டு கன்றுகள்

பால்மரம் அமேசான் காட்டு மரம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் 2,700 அளவிலேயே முளைத்தன. பெரும்பகுதிக் கன்றுகள் இலங்கைக்குச் சென்றன. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள் மட்டுமே. மலாயாவின் பால்மரக் காடுகளுக்கு மூலம் பெரும்பாலும் இச்சிறு கூட்டமே எனலாம்.

இதில் இரு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, விதைகள் நேரே மலாயாவுக்கு வரவில்லை. பால்மரமே வளராத குளிர்நாட்டில் கண்ணாடி வீட்டில் முளைத்த பிறகே வந்தன. பால்மர நோய்ப்பூஞ்சை இளந்தளிரில் வாழ்வது. அது அந்தக் கண்ணாடி வீட்டைத் தாண்டவில்லை. யாரும் திட்டமிடாமலே கியூ பூங்கா ஒரு தனிமைக் காப்பு நிலையமாகப் பணியாற்றியது. இரண்டாவது, சிறு கூட்டத்திலிருந்து பெருகிய மரங்கள் எல்லாம் நெருங்கிய உறவினர். ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். நோய் உடன் வராதது நல்வாய்ப்பு. வந்தால் எதிர்த்து நிற்கும் ஆற்றல் இல்லாதது பெருங்குறை.

அமேசானின் இலைக்கருகல்

அந்நோயின் பெயர் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய். 1900ஆம் ஆண்டு வாக்கில் எர்ன்ஸ்ட் உலே என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் அமேசான் பகுதியில் அதன் பூஞ்சையைச் சேகரித்தார். அதனால் அவர் பெயரே அப்பூஞ்சைக்கு ஒட்டிக்கொண்டது.

அமேசான் காட்டில் பால்மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில், பிற மரங்களுக்கிடையே சிதறி நிற்கும். அங்கே நோய் இருந்தும் பேரழிவு இல்லை. மனிதன் வரிசை பிடித்து நெருக்கமாக நட்டபோதுதான் அதன் உண்மை உருவம் வெளிப்பட்டது. சுரினாமிலும் பிரிட்டிஷ் கயானாவிலும் தொடங்கப்பெற்ற பால்மரத் தோட்டங்கள் 1910களில் இந்நோயால் நலிந்து கைவிடப்பட்டன.

அதன் பின்னரும் பெருஞ்செல்வர் ஒருவர் துணிந்தார். கார் உற்பத்தியில் புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்டு, தம் சக்கரங்களுக்கு வேண்டிய ரப்பரைத் தாமே விளைவிக்க எண்ணி, 1920களின் இறுதியில் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றங்கரையில் 'ஃபோர்ட்லாண்டியா' என்னும் நகரத்தையே அமைத்தார். மரங்கள் வளர்ந்து கிளைகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கியதும் நோய் பாய்ந்தது. 1934இல் 'பெல்தெரா' என்னும் வேறோர் இடத்துக்கு மாறினார். அங்கும் அது தொடர்ந்தது. 1945இல் இரண்டையும் பிரேசில் அரசிடம் ஒப்படைத்துவிட்டு அவர் நிறுவனம் வெளியேறியது. பணத்தால் அந்தப் பூஞ்சையை வெல்ல முடியவில்லை.

நோய் எவ்வாறு கொல்கிறது என்பதை நம் தோட்டப்புற மக்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். லாபுப் பகுதியில் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரம் இலையுதிர்த்துச் செம்புநிறத் தளிர் விடும். அக்காலத்தில் பால் குறையும் என்பது பால் வெட்டுவோர் அனைவரும் அறிந்ததே. இலைக்கருகல் பூஞ்சை அந்த இளந்தளிரைத்தான் தாக்குகிறது. தளிர் கருகி உதிரும், மரம் மீண்டும் தளிர்விடும், மீண்டும் உதிரும். இலையின்றி உணவு தயாரிக்க இயலாத மரம் தன் சேமிப்பையெல்லாம் செலவிட்டுவிட்டு, கிளை நுனியிலிருந்து பட்டுப்போகும். புதுக்கன்று நட்டு மறுபடி பால் காண ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அன்றாடக் கூலியில் வாழும் லயத்து வீட்டுக்கு அந்த ஆண்டுகளை எப்படிக் கடப்பது?

தனித்து நின்று காக்க இயலுமா?

ஒரு நாடு தன் எல்லையை எவ்வளவு காவல் செய்தாலும், அண்டை நாட்டில் நோய் புகுந்துவிட்டால் காற்றையும் பறவையையும் யார் தடுப்பது? இவ்வுண்மையை முதலில் உணர்ந்தவர்கள் ஐரோப்பியத் திராட்சை விவசாயிகள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நுண்ணிய வேர்ப்பேன் 1860கள் முதல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. 1878ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சில நாடுகள் கூடி அதற்கெதிராக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தாவர நலனுக்காக நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்ட முன்னோடி ஆவணம் அது. 1929இல் ரோம் நகரில் மேலும் விரிவான உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் இப்பணியை ஏற்றது. 1951 டிசம்பர் 6ஆம் நாள் 'அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை' ஏற்கப்பட்டு, 1952இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி செய்யும் நாடு தன் தாவரங்களைச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். நோய் கண்டால் மறைக்காமல் பிறர்க்கு அறிவிக்க வேண்டும். தடை விதிக்கும் நாடு அதற்கு அறிவியல் காரணம் காட்ட வேண்டும். இவையே அதன் சாரம். இன்று 180க்கும் மேற்பட்ட தரப்புகள் அதில் இணைந்துள்ளன.

அந்த உடன்படிக்கையின் நிழலில், நம் வட்டாரத்துக்கெனத் தனி ஒப்பந்தம் ஒன்று எழுந்தது. 1956 ஜூலை 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தென்கிழக்காசிய, பசிபிக் வட்டாரத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தமே அது. மலாயா விடுதலை பெறுவதற்கு ஓராண்டுக்கு முன் நிகழ்ந்தது இது. எத்தனையோ பயிர்களும் நோய்களும் இருக்க, அந்த ஒப்பந்தம் ஒரே ஒரு நோய்க்குத் தனி விதியும் தனிப் பின்னிணைப்பும் ஒதுக்கியது. அந்நோய் பால்மரத்தின் தென்னமெரிக்க இலைக்கருகல்.

ஏன் அந்த அவசரம்? விமானம்தான் காரணம். கப்பல் வாரக்கணக்கில் கடல் கடந்த காலத்தில் பூஞ்சை வித்துகள் வழியிலேயே மடிந்துபோயின. ஆனால் அவ்வித்துகள் துணியிலும் பொருள்களிலும் சில நாள் உயிருடன் இருக்க வல்லவை. விமானமோ அமேசானையும் மலாயாவையும் மிக அருகில் கொண்டுவந்துவிட்டது.

ஒப்பந்தம் சொன்னது என்ன?

முதலில், 'அமெரிக்க வெப்ப மண்டலம்' என்பதற்கு அது நிலப்படக் கோடுகளால் எல்லை வகுத்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 23½ பாகை வரை, மேற்குத் தீர்க்கரேகை 30 முதல் 120 வரை. அப்பகுதியிலிருந்து பால்மரக் கன்றோ ஒட்டுக்கிளையோ அரசின் அறிவியல் தேவைக்கன்றி வேறெதற்கும் வரக்கூடாது. அப்படியே வந்தாலும் நேரே வரக்கூடாது. இடையில், நோயும் இல்லாத, பால்மரத் தோட்டங்களும் இல்லாத வேறு நாட்டில் தங்கவைத்துக் கண்காணித்த பின்னரே வரவேண்டும். விதைகளை நோய்நீக்கம் செய்ய வேண்டும். கட்டிவந்த பொதியையும் அழிக்க வேண்டும். 1876இல் கியூ பூங்கா அறியாமல் செய்ததை, 1956இல் நாடுகள் அறிந்தே விதியாக்கின.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலாயா, இந்தோனேசியா, இலங்கை ஆகியவை ரப்பர்ச் சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். ஒருவர் தோட்டம் அழிந்தால் மற்றவருக்கு விலை ஏறும். ஆயினும் நோய் விஷயத்தில் அவர்கள் ஒரே வேலிக்குள் நின்றனர். அண்டை வீட்டுக் கூரை பற்றியெரிந்தால் தன் வீட்டுக் கூரையும் பற்றும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

எல்லைக் காவல் தவறினால் என்ன செய்வது என்பதையும் அறிஞர்கள் சிந்தித்தனர். மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் 1950களிலேயே, நோய் கண்ட பகுதியின் மீது விமானத்திலிருந்து மருந்து தெளித்து மரங்களின் இலைகளையெல்லாம் உதிர்க்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. சோதிக்கப்பட்ட மருந்தின் தீங்குகள் பின்னாளில்தான் உலகுக்குத் தெரியவந்தன. தோட்டமென்றால் மரங்கள் மட்டுமல்ல. லயங்களும் கிணறுகளும் ஆயாக்கொட்டகையும் அங்கேதான் இருந்தன. அத்தகைய நாள் ஒன்று வராமற்போனதற்கு நாம் நன்றியுடையவர்களாக இருத்தல் வேண்டும்.

ஒத்துழைப்பின் இன்னொரு முகம் 1981இல் தெரிந்தது. பால்மர இனத்தின் உறவு வட்டத்தை விரிவாக்க, அனைத்துலக ரப்பர் ஆய்வு, மேம்பாட்டு வாரியமும் பிரேசிலும் இணைந்து அமேசானில் விதை சேகரித்தன. 64,736 விதைகள் கிடைத்தன. பாதி பிரேசிலிலேயே தங்கியது. எஞ்சிய பாதியில் பெரும்பங்கு மலேசியாவுக்கும் சிறுபங்கு ஐவரி கோஸ்டுக்கும் வந்தது. வெளியேறிய விதைகள் இங்கிலாந்தில் நோய்நீக்கம் செய்யப்பெற்ற பின்னரே பயணம் தொடர்ந்தன. 1876இல் தாய்நாட்டுக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1981இல் பாதி கிடைத்தது. நூறாண்டில் உலகம் கற்ற நாகரிகம் இது.

லாபுவில் நடந்தது என்ன?

பால்மரம் பிழைத்தது. அதனால் நம்மவர் பெற்றது என்ன?

1950களின் இறுதியிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நம் மக்களை அலைக்கழித்தது. தோட்டங்கள் சிறுசிறு துண்டுகளாக விற்கப்பட, குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அச்சூழலில் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நோய் வந்திருந்தால் அந்தப் பத்து வெள்ளி வாங்கித் தந்திருக்கக்கூடியது பட்டமரங்களைத்தான். நாடுகளின் உடன்படிக்கையும் தொழிலாளியின் சேமிப்பும் சந்தித்துக்கொண்ட இடம் இது.

எனினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. ஒப்பந்தம் மரத்தைக் காத்தது. மரத்தைச் சீவியவரைக் காக்க அத்தகைய வேலி எழவில்லை. ஒருகாலத்தில் உலகின் முதன்மை ரப்பர் உற்பத்தி நாடாக விளங்கிய மலேசியா, 1990களின் தொடக்கத்தில் அவ்விடத்தைத் தாய்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது. லாபு வட்டாரத்திலும் பால்மரம் விலகிச் செம்பனை வந்தது. பின்னர் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் வந்தன. 1998இல் அண்டையிலுள்ள சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. லாபுவிலேயே மலிவுக்கட்டண விமான நிலையம் ஒன்று அமைக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டு, 2009 ஜனவரியில் கைவிடப்பட்டது. நோயால் வீழாத பால்மரக் காடு, விலையாலும் வளர்ச்சித் திட்டங்களாலும் சுருங்கிற்று.

ஆகவே இவ்வேலி இனித் தேவையில்லை என்று எண்ணலாகாது. கெடா, கிளந்தான் முதலிய மாநிலங்களின் சிறுதோட்டக்காரர்களும், தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் விவசாயிகளும், கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பால்மரம் வைத்திருக்கும் குடும்பங்களும் இன்றும் அதனுள்தான் வாழ்கின்றனர். வட்டார ஒப்பந்தத்தின் பழைய பின்னிணைப்பு 2009இல் நீக்கப்பட்டு, அதனிடத்தில் அறிவியல் ஆய்வின்பாற்பட்ட புதிய வழிகாட்டித் தரநிலை வந்தது. 2016 முதல் சுமத்ராவில் பரவிய வேறொரு இலையுதிர்வு நோய், அடுத்த சில ஆண்டுகளில் மலேசியா, தாய்லாந்து, இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளிலும் காணப்பட்டது. வட்டாரத்துக்குள் ஒரு நோய் புகுந்தால் எவ்வளவு விரைவில் பரவும் என்பதற்கு அதுவே சான்று. லாபுவில் இன்று நிற்கும் செம்பனைக்கும் ஆப்பிரிக்காவில் ஒரு வாடல் நோய் காத்திருக்கிறது. அதையும் தனிமைக் காப்பு விதிகள்தாம் வெளியே நிறுத்தி வைத்துள்ளன.

நம் பங்கு

ஐக்கிய நாடுகள் அவை 2020ஐ அனைத்துலகத் தாவர நல ஆண்டாக அறிவித்தது. மே 12ஆம் நாள் இப்போது அனைத்துலகத் தாவர நல நாள். ஆசிரியர்கள் அன்றைய சபைகூடலில் ஐந்து நிமிடம் இக்கதையைச் சொல்லலாம். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய கதைதான்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டுக்குச் சென்று திரும்பும்போது குலதெய்வக் கோயில் வாசலிலிருந்து ஒரு துளசிக் கன்று, சித்தி வீட்டு மல்லிகைப் பதியன், நல்ல சாதி மாங்கொட்டை என்று பையில் ஒளித்துக் கொண்டுவரும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் மண்ணோடு வரும் ஒரு கன்றில் எத்தனை பூஞ்சை, எத்தனை புழு முட்டை இருக்கும் என்பதைக் கண்ணால் காண இயலாது. கருவேப்பிலையில் வாழும் ஒரு சிறு பூச்சி எலுமிச்சை இன மரங்களைக் கொல்லும் நோயைச் சுமந்து செல்வதால், அமெரிக்காவுக்குப் பச்சைக் கருவேப்பிலையைப் பயணப்பையில் கொண்டுசெல்ல இயலாது. அனுமதிச் சீட்டும் சான்றிதழும் இல்லாமல் செடி கொண்டுவருதல் நம் நாட்டிலும் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைக் காப்புச் சட்டத்தின்படி குற்றமே. விமான நிலையத்தில் அதிகாரி கன்றைப் பறித்தால் சினம் வருவது இயல்பு. அந்நேரத்தில் மடுல்சீமைக் காப்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலைநாட்டில் ஓர் இலையின் அடிப்புறத்தில் படிந்த தூள், ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பை மாற்றியெழுதியது. அவ்வாறான ஒன்று லாபுவில் மறுபடி நிகழவில்லை. பெயர் தெரியாத பல அதிகாரிகளும் ஆய்வாளர்களும் ஏழு பத்தாண்டுகளாகச் செய்துவரும் காவல் அது. நம் பிள்ளைகள் அதை அறிந்திருக்க வேண்டும்.